காஞ்சனபுரியில் ஒரு நாள்: கல்லறைகளும் பெயர்ப்பட்டியல்களும்

தென்கிழக்காசியாவில் இரண்டாம் உலகப் போரின் தடயங்கள் பாதுகாக்கப்பட்டுள்ள இடங்களுள், ஒரே நாளில் சென்று திரும்பக்கூடியது தாய்லாந்தின் காஞ்சனபுரி. பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கருத்தரங்கு ஒன்றிற்காக அந்நகருக்குச் சென்றிருந்தபோது கிடைத்த ஓய்வு நாளை இதற்கென ஒதுக்கினேன். காலையில் போர்க் கல்லறைத் தோட்டமும் அதன் அருகிலுள்ள ரயில்வே ஆய்வு மையமும், நண்பகலுக்குப் பின் மலைப்பகுதியிலுள்ள ‘நரகநெருப்புக் கணவாய்’, திரும்பும் வழியில் பழைய பாதையிலேயே ரயில் பயணம், மாலையில் பாலம் என்பது அன்றைய வரிசை. கண்டவற்றையெல்லாம் விவரிப்பது இப்பதிவின் நோக்கமன்று. ஒரே பாதையில், ஒரே மழைக்காலத்தில், ஒரே நோயால் இறந்தவர்களுள் சிலருக்குப் பெயர் பொறித்த கல்லறை வாய்த்தது. பெரும்பாலோருக்கு ஒன்றுமே வாய்க்கவில்லை. இந்த வேறுபாடு எவ்வாறு உண்டாயிற்று என்பதை மட்டும் வரலாறு பயிலும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் பின்னணி. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த சில மாதங்களில் பர்மாவும் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவிலிருந்த படைக்கு உணவும் தளவாடமும் அனுப்ப அப்போதிருந்த வழி, மலாக்கா நீரிணையைச் சுற்றி ரங்கூன் செல்லும் கடல்வழி. அது நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் எளிதில் இலக்காகக்கூடியது. ஆகவே தாய்லாந்தின் நாங் பிளாடுக்கையும் பர்மாவின் தன்பியூசயாத்தையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில்பாதையை மலையும் காடும் ஊடாக அமைக்க ஜப்பானிய இராணுவம் முடிவுசெய்தது. பிரித்தானியர் முன்பே எண்ணிப் பார்த்துக் கைவிட்ட வழித்தடம் இது. 1942-இன் நடுப்பகுதியில் பணி தொடங்கியது. 1943 அக்டோபர் 17 அன்று இருமுனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் இணைந்தன. தண்டவாளங்களுள் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. இரும்பை மட்டுமன்றி மனிதரையும் மலாயாவிலிருந்தே பெயர்த்து எடுத்தனர் என்பது இக்கதையின் மறுபாதி.

போர்க் கைதிகளாகப் பணியாற்றியோர் 60,000-க்கும் மேற்பட்டோர். பிரித்தானியர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், சில நூறு அமெரிக்கர் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். இறந்தோர் 12,000-க்கும் மேல். ‘ரோமுஷா’ என்ற ஜப்பானியச் சொல்லால் குறிக்கப்படும் ஆசியத் தொழிலாளர்கள் பர்மா, மலாயா, ஜாவா முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டனர். அவர்கள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் என்றும், அதனினும் கூடுதல் என்றும் மதிப்பிடுவர். அவர்களுள் இறந்தோர் தொகை 70,000 என்பாரும் உண்டு. 90,000-க்கும் மேல் என்பாரும் உண்டு. இவ்விரு மதிப்பீடுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். தொழிலாளர் இறப்புக் கணக்கில் நிலவும் ஐயத்தின் அளவே, இறந்த போர்க் கைதிகள் அனைவரின் தொகையைவிடப் பெரியது.

காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டம் நகரின் நடுவே, ரயில் நிலையத்திற்கு அண்மையில் உள்ளது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அதைப் பராமரிக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். தரையோடு ஒட்டிய தாழ்ந்த கற்பீடங்கள். ஒவ்வொன்றின் மேலும் சாய்வாகப் பதித்த வெண்கலத் தகடு. தகட்டில் படைவீரரின் எண், தகுதிநிலை, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது ஆகியன உள்ளன. பலவற்றில் குடும்பத்தார் அனுப்பிய ஓரிரு வரிகளும் உண்டு. வரிசைகளினூடே நடக்கையில் வயதுகள் கண்ணில் படுகின்றன: இருபத்திரண்டு, இருபத்தைந்து, முப்பத்தொன்று. இறந்த நாள்களோ 1943-இன் மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் வந்து குவிகின்றன. அவை பருவமழையும் காலராவும் ஒருசேர வந்த மாதங்கள்; பணியை விரைந்து முடிக்குமாறு ஜப்பானியப் பொறியாளர்கள் கெடுபிடி செய்த மாதங்களும் அவையே.

இக்கல்லறைகள் தாமாக இங்கு வந்து சேர்ந்தவையல்ல. 1945 செப்டம்பரில், போர் முடிந்த சில வாரங்களுக்குள், கல்லறை தேடும் குழு ஒன்று இப்பாதை முழுவதும் பயணம் செய்தது. முகாம்களை ஒட்டியிருந்த 144 இடுகாடுகளையும், அவற்றில் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளையும் அக்குழு அடையாளம் கண்டது. அக்குழுவினருள் முன்னாள் கைதிகளும் இருந்தனர். முகாம்களில் மருத்துவர்களும் அதிகாரிகளும் பாதிரிமார்களும் மறைத்து வைத்திருந்த இறப்புப் பதிவுகளும் இடுகாட்டு வரைபடங்களும் அவர்களுக்கு வழிகாட்டின. தாள் கிடைப்பதே அரிதான முகாமில், கண்டுபிடிக்கப்பட்டால் கடுந்தண்டனை உறுதி என்ற நிலையில், அப்பதிவுகளைப் புட்டிகளில் இட்டும் கல்லறைகளுக்குள்ளேயே புதைத்தும் காத்திருக்கின்றனர். பின்னர் எச்சங்கள் காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாத் ஆகிய மூன்று தோட்டங்களில் ஒருங்கு சேர்க்கப்பட்டன. அமெரிக்கரின் எச்சங்கள் தாயகம் கொண்டுசெல்லப்பட்டன. காலராவால் இறந்து எரியூட்டப்பட்ட 300 பேரின் சாம்பல் காஞ்சனபுரியில் இரண்டே கல்லறைகளில் உள்ளது. ஆயினும் அந்த முந்நூறு பெயர்களும் அங்குள்ள மண்டபத்தில் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன. உடலைப் பிரித்தறிய முடியாதபோதும் பெயரை இழக்கவில்லை.

தோட்டத்தின் நுழைவுக் கட்டடத்தில் இன்னொரு சிறு நினைவுப் பலகையும் உண்டு. பெரும்பாலான பயணிகள் அதைக் கடந்து போய்விடுகின்றனர். பிரிவினைக்கு முந்தைய இந்தியப் படையைச் சேர்ந்த 11 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. தாய்லாந்தின் இஸ்லாமிய இடுகாடுகளில் புதைக்கப்பட்ட அவர்களுடைய கல்லறைகளைப் பராமரிக்க இயலாமற்போனதால் பெயர்கள் இங்கே பொறிக்கப்பட்டன. அப்பலகையின் முன் நான் நெடுநேரம் நின்றேன். வெள்ளையருக்குக் கல்லறை, ஆசியருக்கு மறதி என்று இவ்வேறுபாட்டை விளக்குவது வழக்கம். அது பெருமளவு உண்மையே. எனினும் இப்பதினொரு பெயர்கள் அவ்விளக்கத்தைச் சற்றே திருத்துகின்றன. இந்தியர் என்பதால் அவர்கள் விடுபடவில்லை. படைப்பதிவேட்டில் இருந்ததால் பெயர் பெற்றனர். டெல்லியின் இந்தியா கேட்டில் முதல் உலகப் போர்க்காலத்தில் மாண்ட இந்தியப் படையினர் 13,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதும் இவ்வாறே. பேரரசு தன் படைவீரனை எண்ணியது. தன் தோட்டத் தொழிலாளியை அவ்வாறு எண்ணவில்லை. இரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தமிழரும் அதே பேரரசின் குடியே. ஆனால் அவர் இறந்தால் எவருக்கு அறிவிக்க வேண்டும், எந்தப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதற்கு எந்த ஏற்பாடும் இருந்ததில்லை.

மலாயாவில் நடந்தது என்ன? ஜப்பானியர் வந்தபின் இரப்பருக்கு அயல்நாட்டுச் சந்தை இல்லாமற்போயிற்று. வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விட்டு ஓடினர் அல்லது சிறைப்பட்டனர். வேலையில்லை, அரிசிப் பங்கீடு சுருங்கியது, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. அந்நிலையில், சயாமில் ரயில் போடும் வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற அறிவிப்பு வந்தது. தொடக்கத்தில் சிலர் தாமாகவே சென்றனர். மூன்று மாதம் கழிந்தும் எவரும் திரும்பவில்லை என்ற செய்தி பரவியதும் வருவார் இல்லை. அதன்பின் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு விதிக்கப்பட்டது. கிராணிகளும் கங்காணிகளும் ஆள் பொறுக்கித் தரவேண்டியவராயினர். சாலையில் சென்றோரையும், இலவசப் படக்காட்சி என்று கூட்டிய இடத்தில் வாயிலை அடைத்து அங்கிருந்தோரையும் பிடித்துச் சென்றதாகத் தப்பி வந்தோர் பலர் வாய்மொழியாகக் கூறியுள்ளனர். மனைவி மக்களோடு சென்ற குடும்பங்களும் இருந்தன. கூலியாகக் கிடைத்த தாளில் வாழைமரப் படம் அச்சிட்டிருந்தது. போர் முடிந்ததும் அது வெறுந்தாளாயிற்று. மலேசியத் தமிழர் இன்றும் அதை வாழைமர நோட்டு என்றே அழைக்கின்றனர்.

முகாமில் போர்க் கைதிக்கும் தொழிலாளிக்கும் இருந்த வேறுபாடு உணவின் அளவிலோ அடியின் எண்ணிக்கையிலோ மட்டும் இல்லை. கைதிகள் கலைக்கப்படாத படையாக வந்தனர். அவர்களுக்குள் மருத்துவர் இருந்தனர். சமையலுக்கும் கழிப்பிடத்திற்கும் நீரைக் கொதிக்கவைப்பதற்கும் ஆணையிட அதிகாரி இருந்தார். நாள்தோறும் தலைக்கணக்கு எடுக்கப்பட்டது. தொழிலாளர்களோ பல தோட்டங்களிலிருந்து சிதறலாக வந்தவர்கள். மருத்துவம் இல்லை, மொழி தெரிந்த இடையாள் இல்லை, காலரா தோன்றியபோது நோயின் இயல்பைச் சொல்லித் தரவும் ஆளில்லை. ஆற்று நீரை அப்படியே குடித்தனர். காலில் ஏற்பட்ட மூங்கிற் கீறல் எலும்பு தெரியும் புண்ணாக வளர்ந்தது. நிலைமை கைமீறியபின், 1943 ஜூனிலும் ஆகஸ்டிலும், சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து கைதிகளான மருத்துவர்களையும் மருத்துவப் பணியாளர்களையும் கொண்ட இரு சிறு பிரிவுகளை ஜப்பானியர் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினர். தொழிலாளர் முகாம்களைப் பற்றி இன்று நமக்கு எட்டியுள்ள எழுத்துச் சான்றுகளுள் கணிசமானவை அவர்களும் பிற கைதிகளும் எழுதியவையே. அதாவது, தமிழ்த் தொழிலாளியின் இறப்பை நாம் இன்னொருவரின் நாட்குறிப்பு வழியாகவே காண்கிறோம். அங்கே அவருக்குப் பெயர் இல்லை. ‘தமிழர்கள்’ என்ற பன்மைச் சொல் மட்டுமே உண்டு.

நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வடமேற்கே உள்ளது ‘நரகநெருப்புக் கணவாய்’ எனப்படும் கொன்யூ மலைவெட்டு. இரவில் தீப்பந்தங்களின் ஒளியில் எலும்பும் தோலுமான மனிதர்கள் பாறை பிளந்த காட்சி நரகத்தை ஒத்திருந்ததால் கைதிகள் இட்ட பெயர் அது. ஒருவர் இரும்பு உளியைப் பிடித்துச் சுழற்ற, மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். துளை போதிய ஆழம் ஆனதும் வெடிமருந்து வைப்பர். சிதறிய கல்லைக் கூடையில் அள்ளிக் கொட்டுவர். 1943 ஏப்ரல் இறுதியில் இவ்வெட்டில் பணி தொடங்கியது. இன்று தண்டவாளம் இல்லை. இருபுறமும் உயர்ந்த பாறைச் சுவர்களுக்கிடையே சரளைக் கல் பாதை செல்கிறது. சுவரில் அன்று துளைத்த குழிகளின் தடத்தை விரலால் தொட்டுணரலாம். உடைந்த துளையுளி ஒன்று பாறையிலேயே சிக்கி நிற்கிறது.

காடு மூடிக் கிடந்த இவ்விடத்தை 1980-களில் தேடிக் கண்டு, பாதுகாக்க வேண்டுமென்று தம் அரசை வற்புறுத்தியவர் முன்னாள் ஆஸ்திரேலியக் கைதி ஒருவர். ஆஸ்திரேலிய அரசு நிதி அளித்தது. 1998-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 25 விடியலில் அந்நாட்டினர் இங்கே கூடுகின்றனர். இவ்வுழைப்பை நான் மதிக்கிறேன். ஆசியத் தொழிலாளரைப் பற்றிய செய்திகளையும் இவ்வருங்காட்சியகம் கூறுகிறது. நகரிலுள்ள தாய்லாந்து–பர்மா ரயில்வே மையமும் அவ்வாறே அவர்களது இறப்பின் பேரளவைத் தெளிவாகக் காட்டுகிறது. எனினும், ஓர் இடம் பாதுகாக்கப்படுவதற்கு எவையெல்லாம் தேவை என்பதை இம்மலைவெட்டு நமக்குக் கற்பிக்கிறது. உயிர் பிழைத்தவர் வேண்டும். அவர் சொல்லைக் கேட்கும் அமைப்பு வேண்டும். பொறுப்பேற்கும் அரசு வேண்டும். திரும்பி வந்து நிற்கச் சந்ததி வேண்டும். மலாயாத் தோட்டங்களுக்குத் திரும்பிய தமிழருக்கு இவற்றுள் முதலாவது மட்டுமே இருந்தது.

நாம் தோக்கிலிருந்து திரும்பும் ரயில், அன்றைய பாதையில் எஞ்சியிருக்கும் பகுதியிலேயே ஓடுகிறது. போருக்குப் பின் பாதை தாய்லாந்திற்கு விற்கப்பட்டது. எல்லைப் பகுதித் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. நாம் தோக் வரையிலான பகுதி 1958-இல் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. வாங் போ என்னுமிடத்தில் ஆற்றின் மேல் பாறைச்சரிவை ஒட்டி மரத்தூண்கள் மீது அமைந்த நெடும்பாலம் உண்டு. அங்கே வண்டி நடைவேகத்திற்குக் குறைகிறது. பயணிகள் சன்னலோரம் திரண்டு படம் எடுக்கின்றனர். உள்ளூர் மாணவர்களும் காய்கறிக் கூடையோடு வரும் பெண்களும் அதே பெட்டியில் உறங்குகின்றனர். அவர்களுக்கு இது அன்றாட ரயில்.

மாலையில் பாலம். உலகம் அறிந்த ‘குவாய் ஆற்றுப் பாலம்’ இதுவே என்றாலும், அவ்வறிதலில் புனைவே மிகுதி. பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952-இல் வெளியிட்ட நாவலும், அதைத் தழுவி 1957-இல் வந்த திரைப்படமும் இப்பெயரைப் பரப்பின. திரைப்படத்தின் பாலக் காட்சிகள் எடுக்கப்பட்டது இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல். காஞ்சனபுரிப் பாலத்தின் கீழ் ஓடிய ஆற்றின் பெயரோ மே குளோங். படம் பார்த்துவிட்டு வந்த பயணிகள் ‘குவாய்’ ஆற்றைத் தேடினர். 1960-ஐ ஒட்டி, இப்பகுதி ஆற்றுக்குக் குவே யாய் என்று பெயர் மாற்றப்பட்டது. புனைகதைக்கு ஏற்ப நிலப்படம் திருத்தப்பட்டதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பாலமும் முழுதும் பழையதன்று. வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பழையவை. நடுவே நேர்கோட்டு விளிம்புடைய இரு பகுதிகள், குண்டுவீச்சில் சிதைந்தவற்றுக்கு ஈடாகப் போருக்குப் பின் ஜப்பான் செய்து தந்தவை. வரலாற்று மாணவர் இவ்வேறுபாட்டைக் கண்ணாலேயே படிக்கலாம்.

பாலத்திலிருந்து சிறிது தொலைவில் ஜப்பானிய இராணுவம் 1944-இல் எழுப்பிய நினைவுத்தூண் நிற்கிறது. பாதைப் பணியில் இறந்தோருக்கென அமைத்தது. சூழ்ந்துள்ள மதிலில் பல மொழிப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று தமிழ். அம்மக்களை உழைப்பித்துச் சாகவிட்ட இராணுவமே, போர் முடியுமுன், அவர்தம் மொழியிலும் இரங்கல் எழுதி வைத்தது. இதைப் பாசாங்கு என்று ஒதுக்குவது எளிது. எனினும் ஆய்வாளருக்கு அது ஒரு சான்று: இறந்தவர்கள் யார், அவர்கள் எம்மொழி பேசியவர்கள் என்பதை இராணுவம் நன்றாகவே அறிந்திருந்தது. கணக்கும் வைத்திருந்தது. மலாயாவிலிருந்து ஏறத்தாழ 78,000 பேர் கொண்டுசெல்லப்பட்டதாகவும், அவர்களுள் 30,000-ஐ ஒட்டியோர் இறந்ததாகவும் ஜப்பானியத் தரப்புக் கணக்கு ஒன்று உண்டு. ‘ஓடிப்போனவர்’ என்ற தலைப்பிலும் பெருந்தொகை ஒன்று அதில் உள்ளது. உணவும் மருந்துமின்றி மழைக்காட்டினுள் ஓடிப்போனவர்களுள் எத்தனை பேர் உயிரோடு வெளியேறினர் என்பதை அத்தலைப்பு சொல்வதில்லை. ஆகவே ‘பதிவே இல்லை’ என்று நாம் வழக்கமாகக் கூறுவது முழுதும் சரியன்று. எண்ணிக்கை இருந்தது, பெயர்தான் சேர்க்கப்படவில்லை.

நகரின் புத்த விகாரை ஒன்றில் 1977-இல் தொடங்கப்பட்ட ‘ஜீத்’ அருங்காட்சியகம் உண்டு. கைதிகள் தங்கிய மூங்கிற் கொட்டகையின் மாதிரியில் அமைந்தது. ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ஆக்கிய பெயர் அது. மலாயாவுக்கும் பர்மாவுக்கும் ஜாவாவுக்கும் இந்தியாவுக்கும் அதில் எழுத்து இல்லை. தீய நோக்கம் எதுவும் அங்கில்லை. நிறுவிய துறவி அமைதியின் பொருட்டே அதை அமைத்தார். இறப்பில் பெரும்பங்கு கொண்டோர் பெயரிடும் தருணத்தில் எவர் நினைவுக்கும் வராதவாறு விடுபட்டிருந்தனர் என்பதையே அது காட்டுகிறது.

அவர்களது எலும்புகள் எங்கே? நகரிலுள்ள வாட் தாவோர்ன் வராராம் என்ற விகாரையில் ஆசியத் தொழிலாளரின் எச்சங்கள் திரளாகச் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. 1990-இல் நகருக்கு அண்மையில் வயல் ஒன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவ்விகாரையிலேயே 2023 மே மாதத்தில், தமிழ் அமைப்புகளின் முயற்சியாலும் தமிழ்நாடு அரசின் நிதியுதவியாலும் தமிழர்களுக்கென நடுகல் ஒன்று நிறுவப்பட்டது. பாதை முடிந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த கல் அது. நடுகல் என்ற வடிவத்தைத் தேர்ந்தது பொருத்தமானது. அதே நேரத்தில் அது ஒரு கடமையையும் நினைவூட்டுகிறது. பல்லவர் காலத்துச் செங்கம் நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டும், வீழ்ந்தவன் பெயரும், அவன் இறந்த சூழலும் எழுதப்பட்டிருக்கும். ஆநிரை மீட்டு இறந்த சிற்றூர் வீரனுக்கும் பெயர் உண்டு. காஞ்சனபுரி நடுகல்லின் பின்னே அத்தகைய பெயர்வரிசை இன்னும் உருவாகவில்லை.

இந்திய வரலாற்றெழுத்தின் பக்கமும் ஒரு சொல் கூறவேண்டும். இதே ஆண்டுகளில், இதே மலாயாவில், இந்திய தேசிய இராணுவம் உருவாகி வளர்ந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றார். தோட்டத் தமிழர் பெருந்தொகையாய் அப்படையில் சேர்ந்தனர். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். நாட்டுப்பற்று அதில் மெய்யாகவே இருந்தது. சயாம் வேலைக்குப் பிடித்துச் செல்லப்படாமல் தப்பும் வழியாகவும் அது இருந்தது என்பதை மலாயா வரலாற்றாசிரியர்கள் சுட்டியுள்ளனர். அப்படைப் பிரிவுகள் பர்மா போர்முனை நோக்கிச் சென்ற வழிகளுள் இப்பாதையும் ஒன்று. விடுதலை நோக்கிச் சென்ற இந்தியர் ஏறிய வண்டி, இந்தியரின் உடல்கள் கிடந்த மண்மீது ஓடியது. இவ்விரு வரலாறுகளையும் நம் பாடநூல்கள் இரு வேறு அறைகளில் வைத்துள்ளன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றைச் சொல்லாமல் விடுகின்றன. போஸின் புகழைக் குறைப்பது என் நோக்கமன்று. ஒரே தோட்டத்து லயத்திலிருந்து ஒரு மகன் படைக்கும் மற்றொரு மகன் ரயிலுக்கும் போயிருக்கக்கூடிய காலத்தை, இருவரையும் சேர்த்தே எழுதவேண்டும் என்கிறேன்.

இந்நினைவைக் காத்தது இலக்கியமும் வாய்மொழியும். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ முதலிய மலேசியத் தமிழ் நாவல்கள், ஆவணக்காப்பகம் செய்யாத பணியைத் தம் அளவில் செய்தன. நாவல் காட்டும் மனிதருக்கு முகம் உண்டு, பேச்சு உண்டு. பட்டியலாக அது ஆகாது, ஆகவும் வேண்டியதில்லை. பட்டியல் ஆக்குவது நம் வேலை.

அதற்கான மூலங்கள் உண்டு. தோட்டங்களின் ‘செக்ரோல்’ ஏடுகளில் தொழிலாளரின் பெயர் நாள்தோறும் எழுதப்பட்டது. 1941 ஏட்டில் இருந்து 1946 ஏட்டில் காணாமற்போன பெயர்களை ஒப்பிடுவது கடினமான பணி, ஆனால் இயலக்கூடியது. மலேசியத் தேசிய ஆவணக்காப்பகத்தில் தொழிலாளர் துறைக் கோப்புகள் உள்ளன. சிங்கப்பூர் தேசிய ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் ஜப்பானியர் காலம் பற்றிய பதிவுகள் 1980-களிலிருந்து சேர்க்கப்பட்டுள்ளன. போருக்குப் பிந்தைய ‘தமிழ் நேசன்’, ‘தமிழ் முரசு’ இதழ்களை இந்நோக்கில் எவரேனும் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். இக்கரையிலும் வேலை உண்டு. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து மலாயா சென்றவர்களின் குடும்பங்களில், ‘சயாமுக்குப் போனவர் வரவேயில்லை’ என்ற ஒற்றைத் தொடர் இன்னும் வழங்குகிறதா என்று கேட்டறியலாம். கேட்பதற்கு உரியோர் இன்று மூன்றாம் தலைமுறையினர். இன்னும் பத்தாண்டு கழிந்தால் அத்தொடரும் இராது.

எனவே இதைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழுப் பாதையையும், ஒரு இலட்சம் இறப்புகளையும் ஒருவரே ஆராய முற்பட்டால் மலைப்பே மிஞ்சும். ஒரே ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஏடுகள், அங்கிருந்து பிரிந்த குடும்பங்கள், அவர்கள் வந்த ஊர்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். முதுகலை ஆய்வேடு ஒன்று நாற்பது பெயர்களைத் தந்தாலும், அந்நாற்பதும் கல்லில் எழுதத் தக்கவை.